கால்மாட்டுத் தொட்டி

வீடு வீடாகப் போய் மீன்தொட்டி பராமரிப்பது என் தொழில். மீன்காரி என்று யாராவது கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வீட்டில் நான் வாளியும் குழாயுமாக வாசலில் நிற்கிறேன், உள்ளேயிருந்து ஒரு அம்மா, "நேத்து வாங்கினதே ஃப்ரிட்ஜுல கெடக்கு, போயிட்டு அப்புறம் வா" என்று விரட்டிவிட்டாள். இந்தக் கதையை நான் ரேடியோவிடம் போய்ச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவர் என்னை வாய்க்கு வாய் மீன்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

ரேடியோ என்பது அந்தத் தெரு அவருக்கு வைத்த பெயர். பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். ஒன்று கேட்டால் மூன்று சொல்வார். கழிவறை எங்கே என்று கேட்டவனுக்கு வழியும் சொல்லி, உங்கள் வண்டி கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது, பதறாமல் போய்விட்டு வாருங்கள் என்றும் சொல்வாராம். மனைவி போன பிறகு வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். அதனால் ஒரு சின்னத் தொட்டி வாங்கி, செடி நட்டு, கட்டைவிரல் நீளத்தில் கொஞ்சம் மீன் விட்டுக்கொண்டு அதுகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. நான் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டாரின் வாயைத் திருப்பி, தண்ணீர் தொட்டி முழுக்கச் சுற்றும்படி வைத்துவிட்டு வருவேன். அடுத்த முறை போனால் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வேகத்தையும் குறைத்து வைத்திருப்பார்.

"தண்ணி சும்மா கெடக்கட்டுமே மீன்காரம்மா. நான்தான் காலம்பூரா கூட்டத்துல இடிபட்டேன். இதுங்களாவது நிம்மதியா இருக்கட்டும்."

"நிம்மதியா இருக்காது சார், நாறிப்போகும். தண்ணி போகாத மூலையில அழுக்கு தேங்கும், செடி அழுகும். சொன்னா கேளுங்க."

"நீ சொல்றத கேக்கவா நான் ரிடையர் ஆனேன்?" என்பார். மனுஷனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டையாகத்தான் திரும்பி வந்தார். கண் திறந்தபடியே இருக்கும். ஆனால் எதையும் பார்க்காது. கையைக் கிள்ளினாலும் அசைவில்லை. மூளை அவ்வளவுதான், இனி அவருக்கு எதுவும் தெரியாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சின்ன அறை. இரும்புக் கட்டிலை உள்ளே தள்ளியதும் அதன் கால்மாட்டுக் கம்பி தொட்டி நிற்கும் ஸ்டாண்டில் போய் முட்டிக்கொண்டது. வெயில் ஆகாது என்று ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்கள். பகலிலும் அங்கே தொட்டியின் பச்சை வெளிச்சம் மட்டும்தான். அது அவர் கண்ணிரண்டிலும் விழுந்து கிடக்கும். எனக்கு அந்த அறைக்குள் நுழையவே ஒரு மாதிரி இருக்கும்.

மகனைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு மலஜலம் எடுத்துத் துடைத்துவிட்டு அப்படியே வேலைக்கு ஓடுகிறவன். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் எதைப் பேசுவதானாலும் அந்தக் கட்டிலுக்கு மேலேதான் பேசினார்கள், மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று பேசுகிற மாதிரி. இப்படிக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை வண்டி வரும் என்று அங்கே வைத்துத்தான் முடிவு செய்தார்கள். "எத்தனை நாளைக்குங்க? அவருக்கும் விடுதலை, நமக்கும் விடுதலை" என்று மருமகள் சொன்னபோது நான் தொட்டிக்குள் கை விட்டிருந்தேன். என் வேலை தொட்டி கழுவுவது, நான் யார் கேட்க?

தொட்டியும் கெட்டுப்போய்க் கொண்டிருந்தது. அவர் கடைசியாகத் திருப்பி வைத்த மோட்டாரைத் தொட மனம் வராமல் நானும் அப்படியே விட்டிருந்தேன். தண்ணீர் சுவர்ப்பக்கக் கண்ணாடியில் மோதி அங்கேயே சுழன்றது. கட்டில் பக்கத்து மூலைக்கு வரவேயில்லை. அங்கே செடி பழுத்து, இலைமேல் கறுப்பாகப் படிந்து, நீர்ப்பரப்பில் எண்ணெய் போல ஆடை கட்டியிருந்தது. மோட்டார் வாயைத் தொட்டியின் நீளவாக்கில் திருப்பி, மேல்தண்ணீர் லேசாகச் சலசலக்கும் உயரத்தில் வைத்தேன். குறுக்கே கிடந்த கல்லை நகர்த்தினேன். அடர்ந்த செடியைக் கத்தரித்து வழிவிட்டேன். ஒரு சிட்டிகை தீனி தூவிப் பார்த்தேன். துகள்கள் எல்லா மூலைக்கும் போய்ச் சுற்றி வந்தன. அப்பாடா என்றிருந்தது.

துகள்கள்தான் சுற்றின. மீன்கள் அதைத் தின்னவில்லை. எல்லாம் அந்தக் கட்டில் மூலையிலேயே போய் நின்றன. வரிசையாக, கண்ணாடியில் மூக்கு இடிக்க, கட்டிலைப் பார்த்தபடி. ஒன்றுகூடத் திரும்பவில்லை. நான் விரலால் கலைத்தேன். சிதறின, மறுபடி வந்து அதே மாதிரி நின்றன.

"என்ன சார், உங்க பிள்ளைங்களுக்குப் பேய் பிடிச்சிருக்கா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

வாசலில் நின்ற மருமகள், "யார்கிட்ட பேசறீங்க? அங்க யாரும் இல்லக்கா" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்தது.

வெள்ளிக்கிழமை போனேன். மறுநாள் வண்டி. தொட்டியையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தான் மகன். அவனும் மருமகளும் பக்கத்து அறை அலமாரியிலிருந்து அவர் துணிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மீன்கள் அந்த மூலையில்தான் நின்றன. மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீர் மெல்ல அடங்கி, கண்ணாடி மாதிரி ஆயிற்று.

அந்த மூலையில் மட்டும் ஒரு வளையம் எழுந்து விரிந்தது.

மீன் வாலடித்திருக்கும் என்று நினைத்தேன். மீன்கள் ஆணியடித்த மாதிரி நின்றன. இன்னொரு வளையம். மின்விசிறியை நிறுத்தினேன். கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது வளையம். பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று ஸ்டாண்டைப் பிடித்தேன். இரும்பு என் உள்ளங்கையில் மெதுவாக இடித்தது.

ஸ்டாண்டிலிருந்து கட்டில் கம்பிக்குக் கையை நகர்த்தினேன். அங்கேயும் இடித்தது. போர்வையைத் தூக்கினேன். அவருடைய இடதுகால் கட்டைவிரல் கம்பியை ஒட்டி இருந்தது. அரிசிமணி அளவுக்குப் பின்னால் போயிற்று. வந்து கம்பியைத் தொட்டது.

தீனி போடும் முன் ஸ்டாண்டைத் தட்டுவார் அவர். மீன் மிரளும் என்று நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். மீன்கள் அந்தத் தட்டலுக்குத்தான் இத்தனை நாளாக ஓடி வந்து காத்து நின்றிருக்கின்றன. வீட்டில் மற்ற ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

நான் போட்ட கூச்சலில் இருவரும் ஓடி வந்தார்கள். மகன் முதலில் நம்பவில்லை. தண்ணீரைக் காட்டினேன். அவன் குனிந்து, "அப்பா, நாங்க பேசறது கேக்குதா? கேக்குதுன்னா ஒரு தட்டு, கேக்கலன்னா ரெண்டு தட்டு" என்றான்.

"கேக்கலன்னா எப்படிப்பா ரெண்டு தட்டுவாரு?" என்று சீறினேன். "ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. ஒழுங்கா கேளு."

கேட்டான். ஒரு வளையம்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்தே கேக்குதா?"

ஒரு வளையம்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். இத்தனை மாதமாக அந்தக் கட்டிலுக்கு மேலே என்னென்ன பேசினோம் என்று அவள் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. மகன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கும் சந்தோஷம்தான். மனுஷன் தப்பித்தாரே, தன் அறையில் தன் தொட்டியோடு இருப்பாரே என்று அவர்கள் கையோடு தூக்கி வந்த துணிப்பையை நானே காலால் ஓரம் தள்ளினேன்.

"உங்கள எங்கயும் அனுப்பமாட்டேம்பா" என்றான் மகன். "அந்த வண்டி வேணாம்னு இப்பவே சொல்லிடறேன். நீங்க எங்ககூடவே இருங்க. சரியாப்பா?"

ஒரு வளையம் எழுந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். முதல் வளையம் விளிம்பைத் தொடுவதற்குள் இரண்டாவது எழுந்தது.

"கால் தெரியாம பட்டிருக்கும்" என்றேன் நான். "இன்னொரு தடவ கேளு."

கேட்டான். இரண்டு.

மருமகள்தான் கடைசியில் கிட்டே வந்து, குனிந்து, "மாமா, அப்ப அந்த இல்லத்துக்கே போறீங்களா?" என்றாள்.

ஒன்று. நாங்கள் மூன்று பேரும் இரண்டாவதற்காகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அது வரவில்லை.