ஏழாவது புள்ளியின் அறை

சென்னையில் நடந்த ஒரு பேட்டரிக் கண்காட்சியில் டென்மார்க்காரர் ஒருவரின் கடைக்குள் நான் நுழைந்ததற்கு ஒரே காரணம் கால்வலி. காரைக்குடியில் இன்வெர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கிறவள் நான், இருபது வருஷமாயிற்று. இனிமேல் மின்சாரம் உற்பத்தி செய்கிறவனைவிட அதைச் சேமித்து வைக்கிறவனுக்குத்தான் காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதையும் பார்த்துவிட்டு வருவோம் என்று போயிருந்தேன். பெரிய கம்பெனிகளின் கடைகளில் சாக்லேட் கொடுத்தார்கள், பை கொடுத்தார்கள், உட்கார நாற்காலி மட்டும் கொடுக்கவில்லை. கடைசி வரிசையில், கழிப்பறைக்குப் போகிற வழியில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்குப் பின்னால் தென்னைமர உயரத்துக்கு ஒரு மனிதர், அறுபது வயது இருக்கும்.

உட்காரலாமா என்று கேட்டேன். எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். காலையிலிருந்து அவர் கடைக்கு வந்த முதல் ஆள் நான்தானாம், பிறகு ஒரு நாள் சொன்னார். நான் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருக்க, அவர் அரைமணி நேரம் அந்தப் பெட்டியைப் பற்றி விளக்கினார். லித்தியம் பேட்டரி, தண்ணீர் ஊற்ற வேண்டாம், சத்தம் இல்லை, புகை இல்லை. உங்கள் ஊரில் எப்போதெல்லாம் மின்சாரம் போகும் என்று கேட்டார். எங்களைக் கேட்டுக்கொண்டா போகிறது என்றேன். சிரித்தார். சிரித்தபோது எங்கள் வீட்டு ஆள் மாதிரி இருந்தார்.

அவர் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர், அவரும் அவர் மனைவியும். வீட்டை ஒட்டி ஒரு பட்டறை. பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு இணைப்பும் அந்த அம்மாவின் கைவேலை. இவர் வெளியே போய் விற்க வேண்டியது. நல்ல பங்கீடுதான், ஆனால் இவருக்கு விற்கத் தெரியாது. இந்தியா பெரிய சந்தை, இப்போதுதான் திறக்கிறது, சின்ன ஆட்களுக்கும் இடம் இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிவிட்டு வந்துவிட்டார். இங்கே வந்து பார்த்தால் பெரிய கம்பெனிகளின் வாசல் காவலாளியே இவரைத் தாண்ட விடவில்லை.

நான் என் கதையைச் சொன்னேன். போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி மேனேஜர் டை கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து, முதலில் ஆயிரம் வீட்டுக்கு லிஸ்ட் கொடுங்கள், பிறகு பேசலாம் என்றார். ஆயிரம் வீட்டுக்கு லிஸ்ட் கொடுக்க நான் என்ன ரேஷன் கடையா வைத்திருக்கிறேன்? டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

டென்மார்க்காரர், "எனக்கு ஒரு வீடு போதும்" என்றார்.

ஒரே ஒரு வீடு. அதில் பெட்டி ஒரு வருஷம் ஓட வேண்டும். அதற்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவர் ஊர் வங்கியில் காட்டினால் பட்டறை பிழைக்கும். காட்ட முடியாவிட்டால் மூட வேண்டியதுதான். அவர் பழையபடி துறைமுக வேலைக்குப் போவார், அந்த அம்மா என்ன செய்வார் என்று தெரியவில்லை. நாளைக்கு மழை வரலாம் என்பது போல இதைச் சொன்னார். எனக்கு அங்கேயே மனது இளகிவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கானாடுகாத்தானில் ஒரு வீடு. அந்த வீட்டு ஆச்சி மாடியில் எட்டு அறைகளைப் புதுப்பித்து, ஹோட்டலாக நடத்துகிறார். என் பழைய வாடிக்கையாளர். என்னை அதிகமாகத் திட்டுகிற வாடிக்கையாளரும் அவர்தான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவார், புகை நேராக விருந்தினர் மூக்கில் ஏறும். அதைப் பற்றி இணையத்தில் எழுதிவிட்டுப் போவார்கள், ஆச்சி எனக்குப் போன் போட்டு அதை வரி விடாமல் படித்துக் காட்டுவார். டென்மார்க்காரரை அழைத்துப் போனதும், "சத்தமும் இல்ல, பொகையும் இல்லங்கிறீக. அப்பொறம் என்ன, இன்னைக்கே வச்சிருங்க" என்றார்.

அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் அங்கே ஒரு புள்ளி. வீடு ஒன்று, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்முற்றத்தைச் சுற்றித் தனி அறை, தனிப் பூட்டு. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் அந்த அறை அவர்களுடையதுதான். மனைவி கொண்டுவந்த சீர் சாமான் அதற்குள் இருக்கும். இந்த வீட்டில் ஏழு புள்ளிகள். டென்மார்க்காரரின் காகிதத்தில் 'உரிமையாளர்' என்று ஒரே ஒரு கோடு இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும், ஸ்கேல் வைத்து இன்னும் ஆறு கோடுகள் போட்டார்.

ஐந்து புள்ளிகள் ஆச்சி போனில் பேசியதும் சம்மதித்தார்கள், வாரத்துக்குள் கையெழுத்து வந்துவிட்டது. ஆச்சியோடு சேர்த்து ஆறு. மிச்சம் அவருடைய கொழுந்தனார். வீட்டில் எல்லோரும் அவரைச் சின்னவர் என்பார்கள், கோயம்புத்தூரில் இருக்கிறார். "அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக, வரையில வாங்கிக்கிரலாம்" என்றார் ஆச்சி.

பெட்டி வைக்க இடம் பார்த்தது நான். வெயில் படக்கூடாது, ஈரம் கூடாது, மெயின் போர்டுக்குப் பக்கமாக இருக்க வேண்டும், நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். வெளித்தாழ்வாரத்தில் சாரல் அடிக்கும், பின்கட்டில் தகரக் கூரை கொதிக்கும். உள்முற்றத்தின் மூலையில் பூட்டிக் கிடந்த ஓர் அறை அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. ஜன்னல் இல்லாத, கனத்த சுவர் வைத்த, சில்லென்ற அறை. சாவி, கூட்டிப் பெருக்குவதற்காக ஆச்சியிடம் இருந்தது. உள்ளே பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அது சின்னவரின் அறை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒக்கூரில் பிறந்து, இந்த வீடுகளுக்கு ஒயரிங் செய்தே வளர்ந்தவள் நான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சீசன் தொடங்கிவிட்டது, டென்மார்க்காரருக்குத் திரும்பிப் போகிற நாள் நெருங்கிவிட்டது, அப்புறம் சொல்லிக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். பாத்திரங்களைச் சுவரோரம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஏசியும் ஓடுவதற்குத் தேவையான இரண்டு பெட்டிகளையும் அங்கே நிறுத்தினோம்.

டென்மார்க்காரர் ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது சின்னவர் வந்தார். அவர் மனைவி இறந்து மூன்று வருஷம். ஒவ்வொரு வருஷமும் திதிக்கு வந்து, அந்த அறையைத் திறந்து, ஒரு பகல் அங்கே இருந்துவிட்டுப் போவாராம். இது எனக்குத் தெரியாது. ஆச்சிக்குத் தெரியும், ஆனால் தேதி மறந்துபோயிற்று.

ஆச்சி போனில் கூப்பிட்ட கூப்பாட்டில் நானும் டென்மார்க்காரரும் போய்ச் சேர்ந்தபோது, சின்னவர் அறை வாசலில் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாதவர்.

"யாரக் கேட்டு வச்சீக?" என்றார்.

தப்பு என் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். பிறவிக் குணம். "சும்மா பூட்டிக் கெடந்த ரூமுதான ஐயா? உள்ள யாரும் குடியிருக்காகளா என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குனிந்து, நாங்கள் கவிழ்த்துத் தள்ளியிருந்த ஓர் எவர்சில்வர் தூக்குவாளியை நிமிர்த்தினார். அதன் கழுத்தில் ஊசியால் குத்தி ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. அங்கே இருந்த அத்தனை பாத்திரத்திலும் அதே பெயர். வைக்கிறபோதும் நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் படிக்கவில்லை.

"ஒரு வார்த்த கேட்ருந்தா, நானே வந்து தொறந்து விட்ருப்பேன் தாயி" என்றார். சொல்லிவிட்டு முற்றத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அவர் என்ன சொன்னார் என்று டென்மார்க்காரர் கேட்டார். மழுப்பலாம் என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. ஏழாவது கையெழுத்து போனால் அவர் பட்டறையும் போகும், அதற்குக் காரணம் நான். எல்லாவற்றையும் சொன்னேன், நான் கேட்ட கேள்வியையும் சேர்த்து. அவர் முகம் சிவந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "கழற்றிவிடலாம்" என்றார்.

"கையெழுத்து?"

"முதலில் கழற்றலாம்."

அன்று பகல் முழுக்கக் கழற்றினோம். இரண்டு பெட்டியையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். ஜெனரேட்டர் மறுபடி உறுமியது, ஆச்சி என்னைப் பார்க்கவே இல்லை. அறை காலியானதும் டென்மார்க்காரர் தன் போனை எடுத்தார். வேலை தொடங்குமுன் இடத்தைப் படம் எடுத்து வைப்பது அவர் வழக்கமாம், சுவரில் கீறல் விழுந்தால் பிறகு சரிசெய்ய. அந்தப் படங்களில் பாத்திரங்கள் இருந்தபடியே இருந்தன. அதைப் பார்த்துப் பார்த்து, அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்கு மேல் தாம்பாளம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் துடைத்து அடுக்கினேன். ஒரு சின்னச் சொம்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம், அவர் சொன்னதுதான் சரி.

மறுநாள் காலை திதி முடிந்தது. சின்னவர் அறைக்குள் போனார். நாங்கள் இருவரும் வெளியே தூணோரம், பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறவர்கள் போல நின்றோம். வெகுநேரம் கழித்து வந்து, "எப்படித் தெரிஞ்சுச்சு, எது எது எங்குட்டு இருந்துச்சுன்னு?" என்று கேட்டார். டென்மார்க்காரர் போனைக் காட்டினார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். என் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் எங்கள் ஊரிலேயே குறைவு. "விடு தாயி" என்றார் சின்னவர். பிறகு முற்றத்தில் நின்ற பெட்டியைச் சுற்றி வந்து, இதை யார் செய்தது என்று கேட்டார். இவர் வீட்டம்மா, கையாலேயே செய்தது என்று சொன்னேன். அதன் மேல் ஒரு முறை கையை வைத்துப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியின் அகலத்தை அளந்தார், அதே துண்டோடு அறைக்குள் போய்த் தரையை அளந்தார்.

"ரெண்டு கொள்ளாது. சாமான அசைக்காம ஒண்ணு வைக்கலாம்" என்றார்.

ஒரு பெட்டி என்றால் எல்லா அறைக்கும் விளக்கும் ஃபேனும் ஓடும், ஏசி ஓடாது. இணைப்பையும் கணக்கையும் முதலிலிருந்து மாற்ற வேண்டும். அந்த டை கட்டிய மேனேஜராக இருந்தால், அளவை மாற்ற மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இவருக்கு மேலிடம் என்று ஒன்று உண்டு, அது வீட்டில் பட்டறையில் இருந்தது. அந்த அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு, படியில் உட்கார்ந்தே மாற்றி எழுதினார். புதிதாகத் திறக்கிற இந்தச் சந்தையில் சின்ன ஆளுக்கு இடம் எங்கே இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தப் படியைத்தான் காட்டுவேன். ஏசி இல்லை என்று ஆச்சியிடம் சொல்லப் பயந்துகொண்டு போனேன். "கெடக்கு. வெளிநாட்டுக்காரக வேர்வைய அனுபவிக்கத்தான இங்குட்டு வாராக" என்று முடித்துவிட்டார்.

அடுத்த நாள் மதியத்துக்குள் பெட்டி ஓடத் தொடங்கியது. சோதித்துப் பார்க்க மெயினை அணைத்தேன். முற்றம், தாழ்வாரம், எட்டு அறை, எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. ஆச்சி கைதட்டினார். சின்னவர் மட்டும் தன் அறை வாசலில் நின்று இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் குடுக்குறீக. இந்த ரூமுக்கு ஒரு பல்பு குடுக்க மாட்டீகளா?" என்றார்.

அந்த அறைக்கு நான் லைனே போடவில்லை. பூட்டிக் கிடக்கிற அறைதானே என்று விட்டிருந்தேன். யாரிடமும் சொல்லாமல் ஏணியை இழுத்து வந்து நானே ஏறினேன். ஒயர் இழுத்து, ஹோல்டர் மாட்டி, பல்பைத் திருகியபோது, அத்தனை பாத்திரத்திலும் வெளிச்சம் விழுந்தது. வெட்டியிருந்த பெயரை வாசலிலிருந்தே படிக்க முடிந்தது.

சின்னவர் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். அறையில் மேசை இல்லை. பெட்டியின் மேலேயே வைத்து, ஏழாவது கோட்டில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை டென்மார்க்காரரிடம் நீட்டி, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே தமிழில் சொன்னார்.

"அவுக செஞ்ச பெட்டி எங்க வீட்டம்மா ரூமுலதான் இருக்குன்னு ஒங்க வீட்டம்மாகிட்டச் சொல்லிருங்க. பத்திரமா இருக்கும்."

எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். அந்த இரண்டு வரியைச் சொல்லி முடிக்க நான் மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது. டென்மார்க்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு போனை எடுத்து, எங்களுக்குப் புரியாத தன் பாஷையில், அந்த அம்மாவிடம் சொன்னார். அங்கே அப்போது காலை நேரம், பட்டறை திறந்திருக்கும். அவர் சொல்லி முடித்த பிறகும் அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. யாரும் போனை வைக்கவும் இல்லை.