அட்டையைக் கழற்றினால் விடுமுறை

காலை ஆறே காலுக்கு மொட்டை மாடியில் பல் துலக்கிக்கொண்டே வானத்தை அண்ணாந்து பார்ப்பார். வானத்துக்கு இரண்டு நொடிதான். பிறகு பிரஷ்ஷை இடது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தெருக்கோடியில் இருக்கும் கல்லூரி முதல்வரின் வீட்டு வாசலைப் பத்து நிமிடம் பார்ப்பார். அங்கே டிரைவர் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கண்ணாடியை மட்டும் துடைத்தால் கல்லூரி உண்டு. சக்கரம் வரை கழுவினால் முதல்வர் வெளியூர் போகிறார், மூன்றாவது பீரியடுக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். உறை போட்டு மூடிவிட்டால் விடுமுறை. பார்த்து முடித்ததும் துப்பிவிட்டு, "கண்ணாடிதான். கிளம்ப வேண்டியதுதான்" என்று யாருக்கோ அறிக்கை விடுவதுபோலச் சொல்லிவிட்டு இறங்குவார்.

இவர் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். வயது பத்தொன்பது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி கல்லூரி முழுவதற்கும் இவர் 'வானிலை'. நான் அந்தக் கல்லூரியின் நூலகன். குடியிருப்பது இவருக்கு எதிர்வீட்டில். அதனால் தெருவில் நான் அங்கிள், கல்லூரி வாசலைத் தாண்டினால் சார். ஒரே வாக்கியத்தின் நடுவில், கேட்டைத் தாண்டும் அந்த ஓர் அடியில், அங்கிள் சாராக மாறுவதைப் பலமுறை கேட்டு வியந்திருக்கிறேன். என்னைவிட முப்பது வயது சின்னவரை 'அவர்' என்று எழுதுவானேன் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருமையில் எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

மழை பெய்தால் விடுமுறை என்பது பாமரர்களின் நம்பிக்கை. வானிலைக்கு அதில் சற்றும் உடன்பாடு கிடையாது. "மழையா சார் லீவு விடுது? மனுஷன்தானே விடுறான். அப்ப யாரைப் பாக்கணும்?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். நாற்பத்தொன்பது வருடம் வானத்தைப் பார்த்து ஏமாந்தவன் நான். அவர் சாஸ்திரப்படி அறிகுறிகள் மூன்று. முதல்வர் காருக்கு உறை. அலுவலக எழுத்தர் பீரோவைத் திறந்து வெள்ளைத் தாள் கட்டாக எடுப்பது. அட்டெண்டர் பெரிய பூட்டுக்கு எண்ணெய் விடுவது. ஒன்று வந்தால் யோசிக்கலாம், இரண்டு வந்தால் துணிகளை ஊறவைக்கலாம், மூன்றும் ஒரே நாளில் வந்தால் பிரம்மாவே வந்தாலும் மறுநாள் கல்லூரி கிடையாது.

இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் எதிர்பாராமல் வந்த விடுமுறைகள் நாற்பத்தொன்று. அவர் முன்கூட்டியே சொன்னவை முப்பத்தொன்பது. தவறிய இரண்டில் ஒன்றைச் சிவப்பு மையால் கட்டம் கட்டி, "பிரின்சிபால் வீட்டில் சண்டை. குடும்ப விஷயம். கணிப்பில் சேராது" என்று குறித்திருக்கிறார். எங்கள் புள்ளியியல் பேராசிரியர் நாளைக்குத் தன் வகுப்பு எத்தனை மணிக்கு என்பதையே பியூனிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவர். இந்த நோட்டை நான் அவருக்குக் காட்டவில்லை. நல்ல மனிதர், மனசு உடைந்துவிடும்.

வகுப்பில் வானிலையின் இடம் ஜன்னலை ஒட்டிய மூன்றாவது பெஞ்சு. டிபன் பாக்ஸை இரண்டாவது பீரியடிலேயே, மூடி சத்தம் போடாமல் காலி செய்துவிட்டு, மதியம் மற்றவர்களுடையதில் நியாயமான பங்கு கேட்பார். நூலகத்தில் அவர் எடுப்பது எப்போதும் ஒரே புத்தகம். திருப்பிக் கொடுத்த கையோடு மறுபடி எடுத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டதற்கு, "பாதியில அடையாளம் வெச்சிருக்கேன் சார். வேற யாராவது எடுத்தா எடத்தை விட்டுடுவாங்க" என்றார். அடையாளம் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது.

இப்படி விடுமுறையை மோப்பம் பிடிப்பவருக்கு விடுமுறையில் என்ன ஆசை? நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் உண்டு. பத்து மணி வரை தூங்க வேண்டும். சைக்கிள் பழக வேண்டும். கடலைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும். இதன் பக்கத்தில் 'கஷ்டம்' என்று அவரே எழுதியிருக்கிறார். நாற்பத்தொரு விடுமுறைக்குப் பிறகும் ஒன்றில்கூட டிக் விழவில்லை. காரணம் அவருடைய அம்மா. அம்மாவுக்குத் தையல் வேலை. பள்ளிச் சீருடைகள் வீடு நிறையக் குவிந்திருக்கும். மகள் லீவு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மடியில் ஒரு குவியல் சட்டை வந்து விழும். "லீவு சொல்ற வாய்க்குப் பொத்தான் தைக்கிற கை வேணும்டி" என்பது அம்மாவின் சித்தாந்தம். அப்பா மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறார், வீட்டில் பேசுவதில்லை. நாள் முழுக்கக் கேட்ட சத்தம் போதும் என்பது அவர் கட்சி.

ஆக, விடுமுறையால் உலகத்திலேயே நஷ்டப்படும் ஒரே மாணவி இவர்தான். பிறகு ஏன் இந்தப் பாடு? கேட்டேன். முதலாண்டில் ஒரு மழை நாளில் நடந்ததைச் சொன்னார். இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகள் எங்கள் கல்லூரியில் நூற்றுநாற்பது பேர் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் முதல் மணிக்கு வந்து சேரலாம். அன்று அவர்கள் நனைந்துகொண்டு வந்து நின்றபோது கேட் பூட்டியிருந்தது. விடுமுறை என்று காலை எட்டு மணிக்குத்தான் முடிவானதாம். திரும்பிப் போக அடுத்த பஸ் பதினொன்றரைக்கு. அதில் ஒரு பெண்ணுக்குக் குளிர்காய்ச்சல் வந்து நடுங்க, பக்கத்துத் தெருவில் இருக்கும் நம் வானிலை தன் வீட்டிலிருந்து சீருடைச் சட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடி, எட்டாம் வகுப்புப் பையனின் சட்டையைப் போர்த்தி உட்கார வைத்தாராம். "பொத்தான் இல்லாத சட்டை சார். அம்மா அடிக்க வந்தாங்க" என்று சிரித்துக்கொண்டே முடித்தார்.

அன்றிலிருந்துதான் அந்த வழக்கம். மாலை நாலேகாலுக்குப் பஸ் நிறுத்தத்தில் நூற்றுநாற்பது பேரும் நின்றுகொண்டு இவரையே பார்ப்பார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. இவர் கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே நடந்து போனால் மறுநாள் கல்லூரி. நின்று, அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுற்றிப் பைக்குள் போட்டால் விடுமுறை. அவ்வளவுதான். முதல்வர் கையெழுத்திட்ட சுற்றறிக்கையை நம்பாதவர்கள்கூட இந்த நாடாவை நம்புவார்கள். ஆட்சி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று ஜன்னல் வழியாகப் பார்த்து நான் மெய்சிலிர்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு மாணவர் மன்றத் தேர்தலில் தலைவர் பதவிக்கு வானிலை நின்றார். எதிர்த்து நின்றவர் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர். 'மைக்' என்று பெயர். மைக் தேவைப்படாத குரல் என்பதால் வந்த பெயர். மைக்கின் தேர்தல் அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. உணவகத்துக்கு மின்விசிறி முதல் விளையாட்டரங்குக்குக் கூரை வரை அதில் இல்லாதது இல்லை. வானிலைக்கு ஒரே வாக்குறுதி. விடுமுறை என்றால் முதல் நாள் மாலை நாலு மணிக்கே கல்லூரி அறிவித்துவிட வேண்டும். "அப்புறம் உங்களுக்கு என்ன வேலை இருக்கும்?" என்று கேட்டேன். "நிம்மதியாப் பொத்தான் தைப்பேன்" என்றார். தன் பதவியைத் தானே ஒழிப்பதற்காகத் தேர்தலில் நிற்கும் ஒருவரை நான் செய்தித்தாளில்கூடப் படித்ததில்லை.

கல்லூரியே தலைகீழாயிற்று. விடுதி முழுவதும் மைக் பக்கம். இரண்டு பஸ் மாறி வரும் 'இரண்டு பஸ்காரர்கள்' முழுவதும் வானிலை பக்கம். உள்ளூர் பிள்ளைகள் யார் டீ வாங்கித் தந்தாலும் அவர் பக்கம். வானிலையின் தோழி, எதற்கெடுத்தாலும் கூட்டிக் கழிக்கும் 'கணக்கு' என்ற பெண், அறுபது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று என் நூலக மேசையிலேயே பென்சிலால் எழுதி அடிக்கோடு போட்டார். வாக்குச்சாவடி அதிகாரியாக நியமிக்கப்பட்டிருந்த நான் பார்க்காததுபோல இருந்தேன்.

தேர்தலுக்கு முதல் நாள். மூன்று நாளாகத் தூறல் விடவில்லை. அன்று மதியம் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வளாகத்துக்குள் மறுநாள் வண்டி ஓடக் கூடாது என்பது தேர்தல் விதி. முதல்வர் காரை ஷெட்டில் விட்டு, டிரைவர் உறை போட்டார். வாக்குச் சீட்டு அடிக்க எழுத்தர் பீரோவைத் திறந்து தாள் கட்டு எடுத்தார். வாக்குப் பெட்டி இருக்கும் அறைக்காக அட்டெண்டர் பெரிய பூட்டுக்கு எண்ணெய் விட்டார். உறை, தாள், பூட்டு. மூன்றும் ஒரே நாளில். அதன் மேல் மழை வேறு.

வேறு யாராக இருந்தாலும் இதில் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் வந்து ஓட்டுப் போட்டிருப்பார்கள். வானிலை எல்லாவற்றையும் பார்த்தார். தேர்தல் தள்ளிப்போகிறது, நாளை விடுமுறை என்று முடிவு கட்டினார். நாலேகாலுக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்றார். அட்டையைக் கழற்றினார். நாடாவைச் சுற்றினார்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. தான் சொன்ன விடுமுறை சரியாக வந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது வானிலையின் வழக்கம். எட்டே முக்காலுக்கு வந்தார். கேட் திறந்திருந்தது. உள்ளே மைக்கின் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். என் மேசை மேல் வாக்குப் பெட்டி இருந்தது. அவர் முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை. தேர்தல் அதிகாரி நடுநிலையாளன்.

பிறகு போன்தான். மரத்தடியில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கொடுமை என்னவென்றால் முதலில் யாரும் நம்பவில்லை. "அட்டையைக் கழட்டினீங்களேக்கா" என்றார்களாம். நீங்களே தப்பு என்றாலும் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்ற அளவுக்குப் பக்தி. முப்பத்தொன்பது தரம் சரியாகச் சொன்னதற்கு இதுதான் தண்டனை. நம்பியவர்களுக்கோ பஸ் போயிருந்தது. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கணக்கு தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார்.

வாக்குப்பதிவு ஒரு மணி வரை. பன்னிரண்டரைக்கு என் பெட்டியில் இருநூற்றறுபத்திரண்டு ஓட்டு. அப்போது ஒரு செங்கல் லாரி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. அதிலிருந்து ஐம்பத்தேழு பேர் குதித்தார்கள். எல்லாரும் இரண்டு பஸ்காரர்கள். தலை முதல் கால் வரை செம்மண். லாரிக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கூட்டிவந்தார்களாம்.

கணக்கு பாய்ந்து வந்து வானிலையின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். மன்ற விதி இதுதான்: கல்லூரியின் மொத்தம் அறுநூறு பேரில் பாதிப் பேர், அதாவது முந்நூறு பேர் ஓட்டுப் போடாவிட்டால் தேர்தல் செல்லாது, அடுத்த வாரம் மறுபடி நடக்கும். இப்போது இந்த ஐம்பத்தேழு பேர் உள்ளே போனால் முந்நூறைத் தாண்டிவிடும், தேர்தல் செல்லுபடியாகும், வானிலை தோற்பார். வெளியே நிறுத்தினால் செல்லாது. அடுத்த வாரம் நூற்றுநாற்பது பேரும் வருவார்கள், ஜெயிப்பார். கணக்கில் ஒரு பிழை இல்லை.

"அரை மணி நேரம் டீக்கடையில உக்கார வைடி. அவ்ளோதான் நீ செய்ய வேண்டியது. உன் சீட்டு உனக்கு."

வானிலை லாரிப் பக்கம் பார்த்தார். ஒரு பெண் செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது வானிலைக்குக் குரல் பாதிதான் இருந்தது.

"இவ்வளவு தூரம் வந்தவங்களை வாசல்ல நிக்க வைக்கக் கூடாதுன்னுதானேடி நான் நிக்கிறதே."

பிறகு ஐம்பத்தேழு பேரையும் தானே வரிசையில் நிறுத்தி, தோற்பதற்காக ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். கடைசி ஆள் போட்டபோது மணி ஒன்றுக்கு இரண்டு நிமிடம்.

எண்ணினோம். மொத்தம் முந்நூற்றுப் பத்தொன்பது. மைக்குக்கு நூற்றெழுபத்தொன்று, வானிலைக்கு நூற்றுநாற்பத்து நான்கு. செல்லாதவை நான்கு; அதில் ஒன்றில் யாரோ செல்லச் சண்டைபோல இருவர் பெயருக்கும் குத்தி, நடுவில் ஒரு பூவும் போட்டிருந்தார்கள். லாரியில் வந்தவர்கள் தலை குனிந்து நின்றார்கள். கணக்கு என் மேசையில் இருந்த பென்சில் எழுத்தை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தார். மைக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு விடுதிக் கூட்டம் முற்றத்தை ஒரு சுற்று வந்தது. இறக்கி விட்டபோது மைக்குக்கும் பேச்சு வரவில்லை. வாழ்நாளில் முதல்முறை என்று நினைக்கிறேன்.

வானிலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனார். கை குலுக்கினார். அவருடைய சட்டைப் பையிலிருந்த வழவழப்புத் தேர்தல் அறிக்கையைக் கேட்டு வாங்கி, என் மேசையில் வைத்து, கடைசி வாக்குறுதிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் தன் ஒரே வாக்குறுதியை எழுதினார். நிறுத்தி நிதானமாக, நாலு மணி என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுதினார். தாளை மைக்கின் பக்கம் திருப்பி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துப் பேனாவை நீட்டினார். மூடியை மட்டும் தன் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.