பூஜைத் தட்டும் பன்னிரண்டு வோல்ட்டும்

கரண்ட் போஸ்ட் வரும், போஸ்ட் வரும் என்று சொல்லியே எங்களை வருடக்கணக்கில் இருட்டில் வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்துக்குக் கிழக்கே, வேங்கைவாசலைத் தாண்டி, நெல் விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றதில் வாங்கிக் கட்டிய வீடு. நாங்கள் வந்துவிட்டோம், கரண்ட் வரவில்லை.

எனக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை. பிரச்சினை என் மகளுடைய வீசிங். மண்ணெண்ணெய்ப் புகை கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். சிம்னி விளக்கே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவர் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

என் கணவர் ஓர் ஆபீஸில் கார் டிரைவர். எங்கோ ஏலத்தில் விட்ட பழைய சோலார் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து மொட்டை மாடியில் கட்டினார். ஒரு பழைய லாரி பேட்டரி, இரண்டு குட்டி டியூப் லைட். முதல் நாள் சாயங்காலம் விளக்கு எரிந்தபோது நான் அழுதேவிட்டேன்.

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கையை நனைத்துக்கொண்டு பேட்டரியின் இரண்டு முனைகளையும் பிடித்துக் காட்டுவார். "பாத்தீங்களா சார், இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல. பன்னெண்டு வோல்ட்டு, பச்சப்புள்ள மாதிரி!" வந்தவர்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

ஆயுத பூஜை வந்தது. ஆபீஸ் காருக்குப் பூஜை போட்டுவிட்டு வந்தவர், வீட்டு பேட்டரிக்கும் போட வேண்டும் என்றார். எங்களுக்கு வெளிச்சம் கொடுக்கிற சாமி அதுதானே. துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்திப்பூச் சரமும் சாத்தினேன். அவர் கற்பூரம் காட்டி முடித்து, பித்தளைத் தட்டைப் பேட்டரியின் தலைமேலேயே வைத்தார்.

படார் என்று ஒரு சத்தம். தட்டு இரண்டு முனைகளையும் தொட்டுக்கொண்டு பொறி பறக்க ஒட்டிக்கொண்டது. அவர் பதறிப்போய்க் கையாலேயே பிடுங்கினார். உள்ளங்கைத் தோல் தட்டோடு வந்துவிட்டது. தரையில் விழுந்து எரிந்த கற்பூரத்தை நான் மிதித்து அணைத்தேன். ஷாக் அடிக்காது என்பது வேறு, சுடாது என்பது வேறு என்று அன்றைக்குத்தான் எங்கள் மண்டையில் ஏறியது.

பேட்டரியைக் கழற்றி வெளியே வைக்கச் சொல்லிவிட்டேன். மறுபடியும் சிம்னி. வாசலுக்கு வெளியேதான் வைத்தேன், ஆனால் புகைக்கு வாசல் தெரியுமா? இரண்டொரு நாளில் குழந்தைக்கு இழுக்க ஆரம்பித்தது. தோள் இரண்டும் ஏறி இறங்க, என் புடவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் புகை. நடுவில் என் பெண்.

"ஏங்க, உங்க ஆபீஸ் கார்ல பியூஸ் இருக்கா இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அது காரு."

"அதுவும் இதே பன்னெண்டு வோல்ட்டு தானே? ஆபீஸர் உக்கார்ற காருக்கு பியூஸ் வேணும். உங்க பொண்ணு தூங்குற வூட்டுக்கு வேணாமா?"

அவர் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பியூஸும் அதை மாட்டுகிற கூடும் வாங்கி வந்து, பேட்டரியிலிருந்து ஒயர் கிளம்பும் இடத்திலேயே மாட்டினார். ஒயர் எங்கே ஒட்டிக்கொண்டாலும், அது சூடேறுவதற்குள் பியூஸ் கருகிக் கரண்டை அறுத்துவிடும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி முனைகளுக்குக் குல்லா போட்டார். மேலே நான் காய்கறி வைக்கும் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக் கட்டினோம். பேட்டரியிலிருந்து வரும் ஆவி வெளியேறும், தட்டு கிட்டு எதுவும் மேலே உட்காராது. எல்லாம் சேர்த்து, பூஜைக்கு வாங்கிய பூவின் விலைகூட ஆகவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். மேல்தளம் ஒழுகுகிறது என்று மகளின் இரும்புக் கட்டிலைச் சுவரோரம் தள்ளினோம். அவள் மேலே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு விளக்கும் பொசுக்கென்று போயின. பார்த்தால், பியூஸ் கருகியிருந்தது. வீட்டில் வேறு பியூஸ் இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து உள்ளே இருந்த ஜிகினாத் தாளை உருவினார். எல்லார் வீட்டிலும் செய்கிற வேலைதான், பியூஸ் இருந்த இடத்தில் அதைச் சுருட்டிச் செருகினால் விளக்கு எரிந்துவிடும். நான் டார்ச் பிடித்தேன். அவர் தாளைச் சுருட்டினார், தன் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார், தாளைக் கீழே போட்டார். பிறகு என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, ஒயர் போன வழியே தேடிக்கொண்டு போனார்.

கட்டிலின் கால் ஒயர்மேல் ஏறி நின்றிருந்தது. ரப்பர் நசுங்கிச் செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெத்தையிலிருந்து தொங்கிய போர்வையின் நுனி அதன்மேல் கிடந்தது.

"அப்பா, லைட்டு எப்போ வரும்?" என்றாள் மகள் கட்டில் மேலேயிருந்து.

அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

"நாளைக்கு வரட்டும் கண்ணு," என்றேன் நான். அன்றைக்கு மூன்று பேரும் இருட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.