பன்னிரண்டு குழி, பதினொரு வெடி

காலை பதினொன்றே கால் மணி, பன்னிரண்டு குழிகள், சிவப்புக் கொடியோடு பாதையை மறித்து நின்றவள் பெயர் செல்வி. பாடாலூர்ப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் நடந்த அந்தக் கதைக்குப் போவதற்கு முன் தொழிலைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பீரங்கிப் படையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவனுக்கு எதிரியைக் கண்டுகூட அவ்வளவு பயம் இராது. பயமெல்லாம் எண்ணிக்கை தப்பிவிடுமோ என்றுதான்.

என் பெயர் கலியமூர்த்தி, ஊர் உடையார்பாளையம். சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தேன். வரும்போது இடது காது முழுதும் வலது காது பாதியும் போயிருந்தன. அதை மறைத்துத் திரிந்த வருடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு ரிமோட்டைக் குறை சொல்கிறவர்களே, மற்றவர்கள் சிரித்து ஒரு நொடி கழித்துச் சிரிக்கிறவர்களே, கல்யாண வீட்டில் பேச்சுத்துணை வேண்டாமென்று பந்திக்கு முந்துகிறவர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

மூன்று பேர் எண்ணுவது

எங்கள் ரெஜிமெண்டுக்குச் சுவீடன் பீரங்கி வந்த புதிதில், அதைப் பழக்கிக் கொடுக்க அந்த நாட்டிலிருந்து ஒரு கர்னல் வந்தார். ஸ்டென் என்று பெயர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து, பீரங்கியைத் தவிர வேறு எதையும் தொடாமலே கர்னல் ஆனவர். ராஜஸ்தான் வெயிலில் அவர் முகம் வெந்த நண்டு போலச் சிவந்திருக்கும். அவருடைய இங்கிலீஷைக் கேப்டன் இந்தியில் சொல்வார்; நான் மனதுக்குள் தமிழாக்கிக்கொள்வேன்.

சுட்ட குண்டு எத்தனை, தூரத்தில் விழுந்து வெடித்தது எத்தனை என்று இரண்டு எண்களும் பொருந்த வேண்டும். வெடிக்காத குண்டு மணலுக்குள் புதைந்து, யாராவது மிதிக்கும் வரை அப்படியே கிடக்கும். எங்கள் வழக்கப்படி ஓர் அதிகாரி எண்ணிச் சொன்னால் போதும். கர்னல் அதை மாற்றினார். மூன்று பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எண்ண வேண்டும். மூன்றில் எது குறைவோ அதுவே கணக்கு. பதவி பார்க்கக் கூடாது.

முதல் நாள் மேஜர் பத்து என்றார், கேப்டன் பத்து என்றார், நான் ஒன்பது என்றேன். கர்னல் ஒன்பது என்று எழுதிக்கொண்டார். மொத்தப் படையும் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க, தேடும் குழு மணலைச் சலித்தது. பத்தும் வெடித்திருந்தன. மேஜர் என்னை முறைத்தார். கர்னல் சாவகாசமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "குறைத்து எண்ணியவனால் நாம் வெயிலில் நின்றோம், அவ்வளவுதான். கூட்டி எண்ணிய ஒருவனைப் பற்றி நாளைக்குச் சொல்கிறேன்."

பனி விழுங்கிய குண்டு

மறுநாள் மாலை டீ குடிக்கும்போது சொன்னார். அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது, லெப்டினன்ட். அவர் நாட்டின் வடக்கே, இடுப்பளவு பனியில் பயிற்சி. எட்டுக் குண்டு சுட்டார்கள். தொலைவிலிருந்து பார்த்து எண்ணியவர் அவர். எட்டும் வெடித்தன என்று எழுதிக் கொடுத்தார். ஏழுதான் வெடித்திருந்தன. எட்டாவதாக அவர் எண்ணியது எதிரே இருந்த குன்றின் எதிரொலி. எட்டாவது குண்டைப் பனி விழுங்கியிருந்தது.

இலக்காக நட்டிருந்த பலகைகளை எடுத்து வர நாலு சிப்பாய்கள் போனார்கள். மூன்று பேர் நடந்து வந்தார்கள். நாலாவது ஆளைச் சறுக்குப் பலகையில் இழுத்து வந்தார்கள், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல். கர்னல் இதைச் சொல்லும்போது குரல் உயரவுமில்லை, தழுதழுக்கவுமில்லை. எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த கதை என்று தெரிந்தது. என் கையில் டீ ஆறிப்போயிருந்தது. கடைசியில் அவர் சொன்னார்: "நான் எட்டு என்று சொன்னபோது ஒருவன்கூட மறுக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் பயம் தருவது அதுதான்."

சட்டைப்பை

சுடத் தொடங்குவதற்கு முன் கர்னல் இடது காதிலிருந்து சின்னதாக எதையோ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டுவார். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, வெளியே எடுத்துக் காட்டினார். காது கேட்கும் மிஷின்; வெடிச்சத்தத்தையும் கூட்டிக் காட்டும் என்பதால் சுடும்போது கழற்றிவிடுவாராம். இவ்வளவு பெரிய அதிகாரி, இத்தனை பேர் நடுவே இதை மாட்டிக்கொண்டு திரிகிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு இல்லை.

உனக்கு எப்படி என்று என் காதைக் காட்டிக் கேட்டார். அப்போதே இடது காதில் சில்வண்டு இரைய ஆரம்பித்திருந்தது. ரொம்ப நன்றாகக் கேட்கிறது சார் என்று விறைப்பாகச் சொன்னேன். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கேப்டன் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே கர்னல் சிரித்துவிட்டார். "காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லும் பீரங்கிக்காரன் நேற்றுச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பொய்யனாக இருக்க வேண்டும். நீ சேர்ந்து நாலு வருடம் ஆகிறது."

நாலு விசில்

ஓய்வுபெற்றுப் பெரம்பலூரில் குடியேறினோம். வீட்டில் என் பதவி என்னவென்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. மனைவி மல்லிகா, ஜெயங்கொண்டத்துக்காரி, துணி காயப்போட மாடிக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போவாள்: நாலு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க. எல்லைப் பணியில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. குக்கர் முன்னால் நாற்காலியைப் போட்டு, அதன் தலையிலிருந்து ஆவி சீறுவதைக் கண்ணால் எண்ணுவேன். ஒருநாள் போன் வந்தது, திரும்பினேன். பருப்பு கரிந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் அடுப்பின் நினைப்பே வந்தது.

மல்லிகா ஓடி வந்து அணைத்தாள். குக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் போனைக் காட்டினேன். அவள் கரிந்த குக்கரைத் தேய்க்கப் போட்டாள். இனி வீட்டில் இருந்தால் மாட்டிக்கொள்வோம், எல்லாரும் கத்திப் பேசுகிற இடமாகப் பார்த்து வேலைக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கல்குவாரி கிடைத்தது. வெடி வைக்கும் வேலை. செய்தி சொன்னதும் மல்லிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "இருக்குற காதையும் எங்கயாச்சும் குடுத்துட்டு வரணுமாங்க?"

கண்ணாடி பீரோ

வெடி வைக்கச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு உடல் தகுதி வேண்டும். டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் எண்களைச் சொல்வார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அறைக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டேன், எதிரே மருந்து வைக்கிற கண்ணாடி பீரோ. அதில் டாக்டரின் உதடு தெளிவாகத் தெரிந்தது. முப்பத்தாறு. எழுபத்தொன்று. நாற்பத்தெட்டு. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

அவர் கையெழுத்துப் போடும்போது, பீரோவைப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். காகிதம் கைக்கு வந்த பிறகு பயம் போகவில்லை, வேறு இடத்துக்கு மாறியது. குவாரியில் பீரோ இருக்காதே. டாக்டர் தோளில் தட்டி அனுப்பினார்: "இந்த வயசுல இப்படி ஒரு காதா! மிலிட்டரி உடம்புன்னா சும்மாவா சார்!"

உள்ளங்கால்

குவாரியில் வேலை இதுதான். முருகேசன் என்கிற ஆள் ஜாக்ஹேமரால் பாறையில் குழி போடுவான். நான் வெடிமருந்து வைத்து, திரிகளை வரிசையாகப் பற்றவைத்துவிட்டு, மறைவுக்கு வந்து வெடிகளை எண்ண வேண்டும். நாலைந்து வெடித்ததும் புழுதி மூடிவிடும், கண்ணுக்கு வேலை இல்லை. குழியும் வெடியும் பொருந்தினால் விசில் ஊதுவேன். முருகேசனின் மனைவி செல்வி சிவப்புக் கொடியை இறக்கிப் பச்சையைக் காட்டுவாள். முதலில் உள்ளே போகிறவன் முருகேசன். வெடிக்காத குழி ஒன்று மிச்சமிருந்தால், அதன் பக்கத்தில்தான் அவன் ஜாக்ஹேமரை வைப்பான்.

காதுக்குப் பதிலாக எனக்குக் கால் உதவியது. தேய்ந்த ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாறைமேல் நிற்பேன். ஒவ்வொரு வெடிக்கும் உள்ளங்காலில் ஒரு குத்து. எட்டு மாதம் ஓர் எண்ணிக்கைகூடத் தப்பவில்லை. கர்னலின் வழக்கம் நினைவுக்கு வராமல் இல்லை. இன்னும் இரண்டு பேரை எண்ணச் சொன்னால் என் எண்ணிக்கை என்றைக்காவது தனியாக நிற்கும், குட்டு உடையும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சுடுபாறையில் வெறுங்காலோடு ஏன் நிற்கிறேன் என்று எல்லாருக்கும் வியப்பு. முருகேசன்தான் காரணம் கண்டுபிடித்துப் பரப்பினான்: "சாருக்கு ஏதோ வேண்டுதல். சொன்னா பலிக்காதுன்னு சொல்ல மாட்டேங்கிறாரு."

புது பூட்ஸ்

அன்றைக்கு அதிகாரிகள் சோதனைக்கு வருவதாகத் தகவல். மேனேஜர் எல்லாருக்கும் புது பூட்ஸ் கொடுத்து, போட்ட பிறகுதான் நகர்ந்தார். அடியில் கட்டை விரல் கனத்துக்கு ரப்பர். பதினொன்றே கால் மணிக்கு முதல் குழி வெடித்தது. பாதம் எனக்கு எதையும் சொல்லவில்லை. வலது காதில் ஏதோ மங்கலாக விழுந்துகொண்டிருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. ஓர் இடைவெளி. பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு காதில் விழுந்ததா, குழி பன்னிரண்டு என்பதால் நானே போட்டுக்கொண்டதா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. விசிலை ஊதினேன்.

செல்வி கொடியை இறக்கவில்லை. ஜாக்ஹேமரைத் தோளில் ஏற்றிய முருகேசனுக்குக் குறுக்கே கொடிக்கம்பை நீட்டினாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடிப்பது டிரைவர்கள் கையை ஆட்டுவதிலிருந்து தெரிந்தது. ஓடிப்போனேன்.

"பதினொண்ணுதான் சார் வெடிச்சிருக்கு," என்றாள். என் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி நிதானமாக.

"ஏய், மிலிட்டரி சார் பன்னெண்டுங்கிறாரு. அவரு பாக்காத வெடியா? தள்ளுடி," என்றான் முருகேசன்.

"எண்ணுனவ நானு. உள்ள போறது எம் புருஷன். தள்ள மாட்டேன்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "என்ன சார், பன்னெண்டுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்தம்மாவ நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னது சரி. என் ஒரு வார்த்தை போதும். அங்கே வேறு யாரும் மறுக்கப்போவதில்லை. வாயைத் திறந்தபோது பனியில் இழுத்து வரப்பட்ட அந்தச் சிப்பாயின் நினைவு வந்தது. நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத ஆள்.  இருபது பேர் முன்னிலையில் சொன்னேன்: "எண்ணிக்கை எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேக்காது. செல்வி சொன்னதுதான் கணக்கு."

திரி எங்காவது இன்னும் புகைந்துகொண்டிருக்குமோ என்று அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் காத்திருந்தோம். பிறகு நான் மட்டும் உள்ளே போனேன். ஏழாவது குழி சிதறிய கல்லுக்கு நடுவே அப்படியே இருந்தது. திரி பாதியில் அணைந்திருந்தது, மருந்து உள்ளே. காலையில் முருகேசன் சாக்கட்டியால் போட்டிருந்த அடுத்த குழிக்கான குறி அதிலிருந்து ஒரு சாண் தூரம். திரும்பி வந்தபோது அவன் ஜாக்ஹேமரைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். செல்வியிடம் போனேன். காது விஷயத்தை மறைத்ததற்கு மன்னித்துவிடம்மா என்றேன். அவள் கொடியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "வந்த மொத வாரமே தெரியும் சார். அதனாலதான் எட்டு மாசமா தெனமும் நானே எண்ணிக்கிட்டு நிக்கிறேன்."

பின்குறிப்பு

சான்றிதழை நானே திருப்பிக் கொடுத்தேன். விசாரணையில் கண்ணாடி பீரோ வரை ஒளிக்காமல் சொன்னேன். அந்த டாக்டர் பீரோவை இடம் மாற்றிவிட்டதாகக் கேள்வி. மல்லிகா என்னைத் திருச்சிக்கு அழைத்துப்போய்க் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். வாங்கியதும் அவள் முதலில் சோதித்தது குக்கர் விசிலைத்தான். குவாரியில் இப்போது மூன்று பேர் தனித்தனியாக எண்ணுகிறார்கள். எது குறைவோ அதுவே செல்லும். சுவீடன் கர்னல் ஒருவரின் வழக்கம் பாடாலூருக்கு வந்து சேர இருபத்தைந்து வருடமும் ஒரு ஜோடி பூட்ஸும் பிடித்தன.

ஆவணி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, பத்தாம் வகுப்பு வரை படித்த செல்வி வெடி வைப்பவருக்கான தேர்வு எழுதப் போனாள். அன்று குவாரியில் அவளுக்குப் பதிலாகச் சிவப்புக் கொடி பிடித்து நின்றவன் நான்; எண்ணியவர்கள் மற்றவர்கள், என் மிஷின் சட்டைப்பையில் இருந்தது.