பெரியப்பாவுக்கு நான் வைத்த "எடுப்பு"

சாம்பல்தீவில் பிறந்து, நிலாவெளியில் மணம் முடித்து, கரைவலையோடு வாழ்ந்த எங்கள் பெரியப்பா பிரிந்து இன்று முப்பத்தொரு நாள். போரில் ஒருமுறையும் கடல் பொங்கியபோது ஒருமுறையும் வீடிழந்தவர். பிள்ளைகள் இல்லாத அவர்தான் என்னைச் சைக்கிளில் ஏற்றி நகரத்து ரியூசனுக்குக் கொண்டுபோனார். "நீதானே படிச்சனி, நீயே எழுது" என்று பெரியம்மா இந்த நினைவுமலர்ப் பக்கத்தை என்னிடம் தந்தார். எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஏனென்று சொல்லிவிடுகிறேன்.

"எடுப்பு" என்ற சொல் உங்களுக்குத் தெரியும். தன்னைப் பெரிதாக எண்ணி ஆட்களை மதியாமல் நடப்பவருக்கு வைக்கும் பெயர். யாரும் அதைத் தனக்குச் சொல்லிக்கொள்வதில்லை. எப்போதும் மற்றவருக்கு, அதுவும் அவர் இல்லாத இடத்தில். வசதியானவர் கலியாணத்துக்கு வராவிட்டால் "வேலையாக்கும்" என்போம். வலை இழுப்பவர் வராவிட்டால், எடுப்பு!

அக்காவின் கலியாண அழைப்பிதழை வடிவாகச் செய்து, எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் ஒரே நாளில் அனுப்பியவன் நான். பெரியம்மாவின் போனுக்கும் அதுதான் போனது.

"அண்ணை வீட்டை போய்ச் சொன்னியோ?" என்று அப்பா கேட்டார்.

"ஓமப்பா, எல்லாருக்கும் சொல்லியாச்சு."

பெரியப்பா வரவில்லை. தாலி கட்டும்வரை அப்பா மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடும்பக் குழுவில் எழுதினேன்: "பெரியப்பாவுக்கு எடுப்புக் கூடிப்போச்சு." சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன.

அவர் படுக்கையில் விழுந்த பிறகே பெரியம்மா என்னிடம் சொன்னார்: "கலியாணத்துக்கு முன்னம் நாலு நாளாப் பின்னேரத்திலை சேட்டுப் போட்டுக்கொண்டு வாசல் படலையடியிலை கதிரை போட்டு இருந்தவர் தம்பி. அவன் வந்து சொல்லுவான், சொல்லாமல் விடமாட்டான் எண்டு."

உள்ளே போனேன். பெரியப்பா சிரித்தார். "என்ன தம்பி, நேரிலை வந்திட்டாய்? போனிலையே சுகம் கேட்டிருக்கலாமே!"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அக்கா சுகமா இருக்கிறாளோ?" என்று கதையை மாற்றிவிட்டார். அடுத்த கிழமை அவருக்குக் கதைக்க ஏலாமல் போய்விட்டது.

செத்தவீட்டுப் பந்தலில் ஒருவர், "தங்கமான மனிசன். எண்டாலும் கொஞ்சம் எடுப்பு" என்றார். அது நான் பரப்பிய சொல். தட்டோடு பக்கத்தில் நின்ற நான் அவருக்குத் தேத்தண்ணீரை நீட்டினேன்.

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், வலையைக் கரையில் விட்டு வந்த தொழிலாளருக்கும் எங்கள் நன்றி. இனி யாராவது பெரியப்பாவைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னால், தயவுசெய்து மறியுங்கள். அவரை நாங்கள் அழைக்கவே இல்லை. அழைக்காமல் விட்டது யாரென்று கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள்.