கோமதிநாயகத்தின் மரத்தவளை

ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் மாடசாமி பாறையோரம் நின்று கையைக் கையை ஆட்டினான். அருவி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து தலையைத் துவட்டினேன்.

"டிராயிங் வாத்தியாரு போயிட்டாவ அண்ணாச்சி. குளத்தங்கரையில மருதமரத்துல சாஞ்சாப்ல இருந்தாவளாம். ஆடு மேய்க்கவங்க பாத்துருக்காங்க" என்றான்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஈர வேட்டியோடு அப்படியே தென்காசிக்கு நடந்தேன். டிராயிங் வாத்தியார் கோமதிநாயகத்தோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருப்பவன் நான். அவரை அறிந்தவர்கள் பலரால் அன்று சாவுக்கு வர முடியவில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோமதிநாயகம் சுத்த சைவம். சந்தையில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர். அதே மனிதர் சனிக்கிழமை தோறும் குளத்தில் விரால் பிடித்தார். ஊரே சிரித்தது, நானும்தான். சீசனுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் மரத்தில் செய்த தவளையைத் தண்ணீர்மேல் வீசி விரால் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், கல்யாணமுருங்கைக் கட்டையில் தாமே ஒன்று செதுக்கினார். பச்சை வர்ணம் பூசி, வயிற்றில் தூண்டில் முள்ளைக் கட்டினார். புழுவைக் கோக்க மாட்டார், அது ஜீவஹிம்சை.

"மரத்தவளைக்கு உசிரு கிடையாதுவே. விராலையும் கழத்தி விட்டுருதேன். இதுல பாவம் எங்கன இருந்து வரும்?" என்பார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனிதர்.

ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தாமரை இலைகளுக்கு நடுவில் தவளை விழுந்தது. மூங்கில் கழியை அவர் சுண்டச் சுண்ட, தத்தித் தத்தி வந்தது. தண்ணீர் சும்மா கிடந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. "அசையாதயும். கீழ இருந்து பாத்துக்கிட்டிருக்கு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, குளம் வெடித்தது. தவளையைக் காணவில்லை, கயிறு விறைத்துக் கழி வளைந்தது, நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் யாரும் கண்டிராத முகம். மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மெள்ள முள்ளைக் கழற்றி விட்டார்.

விரால் குஞ்சு பொரித்தால் அவை சிவப்பாக ஒரே கூட்டமாய் மேலே மிதந்து திரியும். பெரிய மீன் கீழேயே காவல் நிற்கும். மேலே எது விழுந்தாலும் பசி இல்லாவிட்டாலும் ஆங்காரத்தோடு பாயும். குளத்துக்காரர்கள் அந்தக் கூட்டத்தின் மேல் தூண்டில் போட மாட்டார்கள். கோமதிநாயகம் ஒரு மழைக்காலத்தில் போட்டார். அந்தப் பாய்ச்சலைப் பார்க்கும் ஆசை. மீன் ஆழமாக விழுங்கிவிட்டது. முள்ளைக் கழற்றுவதற்குள் செவுளில் ரத்தம் கொட்டி அவர் கையிலேயே செத்தது. குஞ்சுகள் கரையோரம் சுற்றிக்கொண்டே இருந்தன. வேறு மீன்கள் வந்து அவற்றைத் தின்று தீர்த்தன. வழியில் போன ஒருத்தி, "குடுங்க சாமி, கொழம்பு வைக்கேன்" என்று கேட்டும் கொடுக்காமல், கரையில் குழி தோண்டிப் புதைத்தார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் காலரா வந்தது. அவருடைய ஒரே மகள் காந்திமதி ஒரு பகலில் போய்விட்டாள். பிணத்தை எடுக்கும்போது அவர் மனைவி சிவகாமி எல்லார் முன்னாலும், "குளத்துல தாயையும் பிள்ளையையும் பிரிச்சீயளே, இப்ப திருப்தியா?" என்று கேட்டார். உறவுக்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் போயின. அவர்கள் எல்லாரும் விரால் பிடித்தார்களா?

அதற்குப் பிறகும் அவர் குளத்துக்குப் போனார். கல்நெஞ்சுக்காரன் என்றது ஊர். சிவகாமி அம்மாள் சோறு போடுவார், ஏசுவதைத் தவிர வேறு பேச்சுப் பேச மாட்டார். பொறுக்காமல் ஒரு சனிக்கிழமை பின்னாலேயே போனேன். தவளையைக் கையில் வாங்கிப் பார்த்தால் முள்ளே இல்லை. பிடுங்கி எறிந்திருந்தார்.

"பின்ன எதுக்குவே வாரீரு?" என்றேன்.

"குஞ்சு மேல போடுதேன். தாய் பாஞ்சு வந்து அடிக்கும். கட்டைன்னு தெரிஞ்சதும் துப்பிட்டு, குஞ்சுககிட்டயே போயிரும். அது ஜெயிக்கத நான் பாக்கணும்வே."

"முள்ளு இல்லன்னு வீட்டுல சொல்லலாம்லா?"

"சொல்லிட்டா அவ யார ஏசுவா? சாமியவா? அவளுக்கு ஒரு ஆளு வேணும். நான் இருந்துட்டுப் போறேன்."

கடைசிவரை இருந்துவிட்டுப் போனார். பின்னால் வந்த யுத்தத்தில் ஊரே வேறு கவலைகளில் மூழ்கியிருந்தபோதும் அந்த வீட்டின் நிலை மாறவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் துக்கம் விசாரிக்க, துட்டி கேட்கப் போனேன். ஆடு மேய்ப்பவர்கள் கொண்டுவந்து போட்ட கழியும் தவளையும் முற்றத்து மூலையில் கிடந்தன. யாரும் தொடவில்லை. "அதக் கொண்டு போயிருங்க அண்ணாச்சி. என் பிள்ளையக் கொன்னது" என்றார் சிவகாமி அம்மாள். எனக்குப் பொறுக்கவில்லை. தவளையை எடுத்து வயிற்றுப்புறத்தைத் திருப்பிக் காட்டினேன். முள் இருந்த துளைகளில் மெழுகு அடைத்திருந்தது. கோமதிநாயகம் குளத்தங்கரையில் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

சிவகாமி அம்மாள் தவளையை வாங்கிக்கொண்டார். பச்சை வர்ணம் முழுக்கப் பல் பதிந்திருந்தது. ஒவ்வொரு தடமாக விரலால் தடவினார். "இதெல்லாம் அதுக கடிச்சதா?" என்றார். ஆமாம் என்றேன்.

தவளையை நான் திருப்பிக் கேட்கவில்லை. அது அங்கே இருக்க வேண்டியது. குளம் வெடித்த அந்த ஒரு நொடி எனக்குப் போதும். அதைவிட, மனைவியின் ஏச்சுக்கு ஆள் வேண்டும் என்று வாயைத் திறக்காமலே இருந்த அந்த மனசை நான் வைத்துக்கொள்கிறேன். நான் வாயைத் திறந்தது சரியா என்று மட்டும் தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கியபோது சிவகாமி அம்மாள் கேட்டார்:

"அப்ப இனி நான் யார ஏசுவேன், அண்ணாச்சி?"