எண்ணத் தெரியாத பறவைகள்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

அந்தக் கோடையில் காடு பல நாளாக எரிந்துகொண்டிருந்தது. புகை மூடி, பகல் இரண்டு மணிக்கே அந்தி மாதிரி இருட்டிக் கிடந்தது. வெக்கையில் ஏரி சுருங்கி, நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் மிச்சமிருந்த குட்டையில் வந்து குவிந்திருந்தன. இப்படி ஒரு படம் இனி வாழ்நாளில் கிடைக்காது என்று மச்சானையும் இழுத்துக்கொண்டு போனேன். என் மனைவியின் தம்பி. கேமராவைத் தலைகீழாகப் பிடிக்கிற ரகம். ஆனால் அவன் இல்லாமல் வேலை ஆகாது. கரையில் ஒளிந்து உட்கார்ந்து படமெடுக்க ஒரு பலகை மறைப்பு உண்டு. ஒருவர் மட்டும் அதற்குள் போனால் பறவைகள் கிட்டேயே வராது. இருவர் போய் ஒருவர் வெளியே வந்துவிட்டால், ஆள் போயாச்சு என்று நம்பி வந்துவிடும். பறவைகளுக்கு எண்ணத் தெரியாது.

ஏரிக்குப் போகும் வழியிலுள்ள கேட்டில் காவலுக்கு இருவர். அண்ணன் தம்பி. காவல் கோபுரத்தில் நின்று ஆட்களை எண்ணுவது அண்ணன் வேலை.

"உள்ள போன தல அத்தனையும் வெளிய வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் கேட்டப் பூட்ட மாட்டேன்."

"எங்க மச்சான் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க. அதையும் எண்ணுவீங்களா?"

தம்பிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். பாவி, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மறைப்புக்குள் இரண்டு முக்காலி, பார்க்க இரண்டு துவாரம். சற்று நேரத்தில் மச்சான் எழுந்து, கேட்டருகே நிறுத்தியிருந்த காருக்குப் போய்விட்டான். நான் காத்திருந்தேன். ஒரு பறவைகூட வரவில்லை. எல்லாம் கழுத்தை நீட்டி மறைப்பையே பார்த்தன. என் துவாரத்தை அல்ல... பக்கத்துத் துவாரத்தை.

க்ரீச்... முக்காலி நகர்ந்தது.

ஈரத்துணி வாடை. பிறகு இருமல். மச்சான்தான் திரும்பி வந்துவிட்டான் என்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏன்டா வந்து தொலைச்ச?" என்றேன்.

"தீ வருது... நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வர்றேன்."

மச்சான் குரல் இல்லை.

திரும்பினேன். யாரும் இல்லை.

ஓடினேன். கேட்டுக்கு வந்து பார்த்தால், மச்சான் காரில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். என் பின்னால் கரைப் புதர்கள் பற்றி எரிந்தன.

"மூணாவது ஆளு எங்க?" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேர்தான்யா போனோம்!"

"மூணு. மூஞ்சில ஈரத்துண்டு கட்டினவரு. உங்க பின்னாடியேதான் போனாரு."

புகைக்குள்ளிருந்து இருமல்...

"வர்றேன்... கையக் குடுங்க..."

தம்பிக்காரன் பாய்ந்துவிட்டான்.

"போகாதடா! அது ஆளில்ல!" என்று கத்தினேன்.

போய்விட்டான்.

மறுநாள்தான் அவன் உடலை எடுத்தார்கள். மறைப்பு சாம்பலாகிக் கிடந்தது. பக்கத்து முக்காலி இருந்த இடத்தில்... உட்கார்ந்தபடி இருந்தான்.

அப்புறம்தான் தெரிந்தது. முந்தின கோடையிலும் அங்கே தீ. அன்று படமெடுக்கப் போனவர் ஒற்றை ஆள். கோபுரத்தில் இருந்தவர் எண்ணியது இரண்டு. அந்த இரண்டாவது ஆளைத் தேடி, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போன காவலர் திரும்பவே இல்லை. அவருக்குப் பதிலாகத்தான் இந்தத் தம்பியை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

இந்த வருடமும் புகை. நேற்று மதியம் அண்ணனிடமிருந்து போன்.

"சார், ரெண்டு பேரு படமெடுக்கப் போனாங்க. நான் நாலு எண்ணினேன். ரெண்டு பேரு வெளிய வந்துட்டாங்க."

"கேட்டப் பூட்டுங்க! கைகூப்பிக் கேக்கறேன், பூட்டிட்டுக் கெளம்புங்க!"

"நாலாவது என் தம்பி சார். கூப்பிடறான்... எப்படிப் பூட்டுவேன்?"

போனை அவர் வைக்கவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது.